தொட்டாற்சிணுங்கியை விதை போட்டு வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மூன்றாவது மாடி பால்கனியில் நான்கு வருடமாகத் தொட்டாற்சிணுங்கி வளர்க்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மணி பிளான்டைப் பார்க்க மாட்டார்கள், துளசியைப் பார்க்க மாட்டார்கள். நேராக இதனிடம் போய் விரலை நீட்டுவார்கள். அப்புறம் கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

தொட்டாற்சிணுங்கி, தொட்டாற்சுருங்கி, தொட்டாவாடி எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். எழுத்தில் தொட்டாற்சிணுங்கி, பேச்சில் தொட்டாச்சிணுங்கி. இலங்கையில் தொட்டாச்சுருங்கி என்பார்கள். குமரி மாவட்டத்துப் பக்கம் தொட்டாவாடி என்றும் காதில் விழும், மலையாளத்தில் அதுதான் பெயர். தாவரவியல் பெயர் மைமோசா பியூடிகா. 1753-ல் லின்னேயஸ் வைத்தது. பியூடிகா என்றால் லத்தீனில் கூச்சமுள்ள, நாணமுள்ள என்று பொருள். யார் பார்த்தாலும் அதே நினைப்புத்தான் வந்திருக்கிறது போல.

வாய்க்கால் வரப்பில் தானாகக் கிடக்கிற களை. பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தால் போதாதா?

வைத்துப் பார்த்தேன், மூன்று முறை. மூன்றும் போச்சு. கையகலச் செடியாக இருக்கும்போதே ஆணிவேர் நேராகக் கீழே இறங்கியிருக்கும். இழுத்தால் நுனி மண்ணிலேயே நின்றுவிடும், மேலே வருவது பாதி வேர்தான். அதைத் தொட்டியில் வைத்தால் இரண்டு நாள் இலையை மூடியபடி நின்று, அப்புறம் காம்போடு காய்ந்துவிடும். போதாக்குறைக்குத் தண்டு முழுக்க வளைந்த முள், கையைக் கிழித்துவிடும். விதை போட்டால் இந்த வம்பே இல்லை.

விதைக்கு எங்கே போவது?

ஊர்ப்பக்கம் போகும்போது பறித்து வருவதுதான் நல்லது. இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் பூ உதிர்ந்த இடத்தில், கொத்தாகச் சிறு காய்கள் இருக்கும். தட்டையாக, ஓரத்தில் முடி மாதிரி சுணையோடு, ஒன்றரை செ.மீ. நீளம். பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும், பச்சைக் காய் வேண்டாம். காய்ந்த காயைக் கசக்கினால் கணுக்கணுவாக உடையும், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு விதை. சுமார் 3 மி.மீ. அகலம், தட்டை, பழுப்பு நிறம். உற்றுப் பார்த்தால் விதையின் இரண்டு முகத்திலும் குதிரை லாடம் போல ஒரு மெல்லிய கோடு தெரியும். பாக்கெட்டில் வாங்கினாலும் இந்தக் கோட்டைப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு முறை இணையத்தில் நீலப் பூ பூக்கும் தொட்டாற்சிணுங்கி என்று படம் போட்டிருந்ததை நம்பி விதை வாங்கினேன். வந்தது என்னவோ கீரை விதை மாதிரி ஒன்று. முளைத்தது, தொட்டேன், அது என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தச் செடியின் பூ இளஞ்சிவப்பும் வெளிர் ஊதாவும்தான். நீலம், ஆரஞ்சு, வானவில் என்று யாராவது விற்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விதை போட்டு ஒரு மாதம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். கோளாறு பெரும்பாலும் மண்ணிலோ தண்ணீரிலோ இல்லை, விதைத் தோலில் இருக்கிறது.

இது அவரை, புளி, கருவேலம் எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தைச் சேர்ந்த செடி. இந்தக் குடும்பத்தில் பல விதைகளுக்குத் தண்ணீர் புகாத தோல். ஈர மண்ணில் கிடந்தாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது. காட்டில் வெயில், மழை, மண் உராய்வு என்று அடிபட்டு, தோலில் எங்காவது விரிசல் விட்ட பிறகுதான் முளைக்கும். எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வெயிலில் செத்துப்போகாமல் இருக்கச் செடிக்கு இது வசதி. நமக்குத்தான் அவசரம். அதனால் அந்த விரிசலை நாமே போட வேண்டும்.

சுடுதண்ணீர் வைத்தியம் எளிது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் ஒரு டம்ளரில் விதைகளைப் போட்டு அதன்மேல் ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு அடுப்பிலேயே வைத்தால் அது சுண்டல். டம்ளர் அப்படியே ஆறட்டும், இரவு முழுக்க இருக்கட்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் இருமடங்காக உப்பி, நிறம் வெளுத்து, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். அவை தயார், அன்றைக்கே விதைத்துவிடுங்கள். கடுகு மாதிரி இறுக்கமாக அப்படியே கிடப்பவற்றுக்கு இன்னொரு முறை சுடுதண்ணீர்.

இரண்டாவது வழி உரசுவது. உப்புத்தாள் இரண்டு துண்டு எடுத்து, நடுவில் விதைகளை வைத்து, சப்பாத்தி மாவு உருட்டுகிற மாதிரி பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலானால் போதும். உள்ளே வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டாம். நகவெட்டியால் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கலாம் என்றும் சொல்வார்கள். செய்து பார்த்தேன், ஏழு விதையில் நான்கு எங்கோ தெறித்துப் போய்விட்டன, இன்றுவரை கிடைக்கவில்லை. உரசிய விதையைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்தால் உப்பிவிடும்.

டம்ளர்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். முதல் வருடம் நான் சமையல் மேடையில் வைத்திருந்ததை, அடியில் ஏதோ கசண்டு என்று நினைத்து வீட்டில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

எந்த மண், எவ்வளவு ஆழம்?

செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சம அளவு. இல்லையென்றால் தென்னை நார்க்கழிவில் கொஞ்சம் மண்புழு உரம். தண்ணீர் தேங்கக் கூடாது என்பதுதான் முக்கியம். அடியில் ஓட்டை போட்ட டீ கப்பே போதும், குழித்தட்டு இருந்தால் இன்னும் வசதி. ஒரு கப்புக்கு இரண்டு விதை, அரை செ.மீ. ஆழம், மேலே லேசாக மண் தூவி, கைத்தெளிப்பானால் நனையுங்கள். குவளையால் ஊற்றினால் விதை மேலே மிதந்து வந்துவிடும்.

தோலை உடைத்த விதை நம் வெயிலுக்கு நான்கிலிருந்து பத்து நாளில் தலை காட்டும். உடைக்காத விதையும் ஒன்றிரண்டு முளைக்கும், ஆனால் எப்போது என்று அதற்கே தெரியாது.

எந்த மாதத்தில் விதைக்கலாம்?

மாசியிலிருந்து ஆடிவரை எப்போது வேண்டுமானாலும். 21 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் நன்றாக முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம். முளைப்பது முளைக்கும், அழுகல் வந்து போய்விடும்.

முளைத்துவிட்டது. ஆனால் தொட்டால் மூடவில்லையே?

முதலில் வரும் இரண்டு தடித்த உருண்டை இலைகள் வித்திலைகள். விதைக்குள் இருந்த சோற்று மூட்டை அவைதான். அவை தொட்டதும் சட்டென்று மூடாது. ஒரு வாரம் பொறுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து, சிறு இறகு மாதிரி ஓர் இலை வரும். நகக்கண் அளவுதான் இருக்கும். பென்சில் முனையால் அதன் நுனியைத் தொட்டுப் பாருங்கள். ஜோடி ஜோடியாக நுனியிலிருந்து அடிவரை, புத்தகம் மூடுகிற மாதிரி மூடிக்கொண்டே போகும். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடிவதில்லை.

அடுத்தடுத்த இலைகளில்தான் காம்பின் நுனியில் இரண்டு, பிறகு நான்கு இறகுகள் விரல் விரித்த மாதிரி வரும்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு நைந்து சாய்ந்து கிடக்கிறது.

நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை வகைகளின் வேலை, நாம் ஊற்றும் அதிகத் தண்ணீர்தான் அதற்குத் தீனி. சாய்ந்தது பிழைக்காது, எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைக் காற்றாட வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர், அதுவும் காலையில். விதைக்கும்போதே மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொஞ்சம் கலந்தால் இந்தத் தொல்லை குறையும். உரக்கடையில் பொடியாகக் கிடைக்கும்.

எப்போது தொட்டி மாற்றுவது?

உண்மையான இலை மூன்று நான்கு வந்ததும். தள்ளிப்போட்டால் வேர் கப்பின் அடியில் சுற்றிக்கொள்ளும். மண்கட்டி உடையாமல் அப்படியே எட்டு அங்குலத் தொட்டிக்கு இறக்குங்கள். மாற்றிய இரண்டு நாள் இலைகள் மூடியே கிடந்தால் பயப்பட வேண்டாம்.

மாற்றும்போது ஒரு நாற்றம் வரும், கெட்டுப்போன முட்டை மாதிரி. அழுகிவிட்டதோ என்று நினைத்து ஒரு செடியை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது. இந்தச் செடியின் வேரில் விரல் பட்டால் கந்தகச் சேர்மங்களை வெளியே விடும். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், விரலால் தொட்டபோது நாற்றம் விட்ட வேர், கண்ணாடி பட்டபோது விடவில்லை. இலைக்கு மட்டும்தான் ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் வைக்கலாமா?

ஜன்னலோரம், அதுவும் நாலைந்து மணி நேரம் நேரடி வெயில் விழும் ஜன்னல் என்றால் சரி. ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தால் தண்டு நீண்டு, வெளுத்து, இலைக்கு இலை இடைவெளி விட்டு, தொட்டால் ஏனோதானோ என்று மூடும். வெட்டவெளி வரப்பில் வளர்ந்த செடிக்கு டியூப்லைட் எந்த மூலைக்கு? அழகுக்காகக் கொஞ்ச நேரம் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டு, திரும்பப் பால்கனியில் வைத்துவிடுங்கள்.

தொட்டதும் எப்படித்தான் மூடுகிறது? அதற்கு நரம்பு இருக்கிறதா?

நரம்பும் இல்லை, தசையும் இல்லை. இருப்பது தண்ணீர்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் தடித்த ஒரு முட்டி இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதேபோலக் குட்டி முட்டி. சாதாரண நேரத்தில் அதிலுள்ள செல்கள் தண்ணீர் நிறைந்து, காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி விறைப்பாக நின்று இலையைத் தாங்குகின்றன. தொட்டதும் ஒரு மின் துடிப்பு கிளம்புகிறது. அது வந்து சேர்ந்ததும் முட்டியின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். அந்தப் பக்கம் தொளதொளவென்று ஆகிவிட, மறுபக்கம் இன்னும் விறைப்பாக இருக்க, இலை மடங்குகிறது. காம்பின் முட்டியில் தண்ணீர் இழப்பது கீழ்ப்பக்கம், அதனால் காம்பு தொங்குகிறது. சிற்றிலையில் மேல்பக்கம், அதனால் மேல்நோக்கி மூடுகிறது. தண்ணீரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளப் பத்து இருபது நிமிடம் ஆகும்.

அந்தத் துடிப்பு நொடிக்கு 2, 3 செ.மீ. வேகத்தில் போகும். கண்ணால் பின்தொடரலாம். நம் நரம்போடு ஒப்பிட்டால் மாட்டு வண்டிதான். ஆனாலும் மின்சாரம் மின்சாரம்தான். கல்கத்தாவில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் இதைத்தான் வருடக்கணக்காக அளந்தார். செடியின் அசைவை எழுதிக்காட்டும் நுட்பமான கருவிகளைத் தாமே வடிவமைத்தார். 1914-ல் ஐரோப்பாவுக்குச் சொற்பொழிவாற்றப் போனபோது செடிகளையும் கூடவே கொண்டுபோனார். செடிக்கும் விலங்கு நரம்பைப் போன்ற துடிப்பு உண்டு என்று அவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை.

அவருக்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் இந்தச் செடியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து ஈத்தர் ஆவி காட்டினார். அறுவைச் சிகிச்சைக்கு மனிதரை மயக்கிய அதே ஈத்தர். செடி தொட்டும் மூடவில்லை. நல்ல காற்றில் வைத்ததும் தெளிந்துவிட்டது.

எதற்காகச் சுருங்குகிறது?

தின்ன வருபவரை ஏமாற்ற என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். 2022-ல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகக் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. இலை மூட முடியாதபடி ஆக்கிய செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகமாகத் தின்றன. மூடும் செடிகள் தப்பித்தன. பச்சையாக விரிந்திருந்த சாப்பாடு திடீரென்று முள்ளும் குச்சியுமாக மாறினால் வெட்டுக்கிளி என்ன செய்யும்?

ஒரு நாளைக்கு எத்தனை முறை தொடலாம்?

நீங்கள் இரண்டு மூன்று முறை தொட்டால் ஒன்றும் ஆகாது. வீட்டில் பிறந்தநாள் விழா, பன்னிரண்டு குழந்தைகள் என்றால் செடியை எடுத்து மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். மூடியிருக்கும் நேரமெல்லாம் வெயில் படும் பரப்பு குறைவு, சாப்பாடு குறைவு. திறப்பதற்கும் செலவு உண்டு.

தொட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் மூடாது. களைப்பு என்று நினைப்போம், அது மட்டும் காரணமில்லை. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் மோனிகா காக்லியானோ குழுவினர் தொட்டியோடு செடியை 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப மெத்தென்று விழவைத்தார்கள். ஆபத்தில்லை என்று ஆனதும் செடிகள் மூடுவதை நிறுத்தின. வேறு விதமாக உலுக்கினால் மூடின. 28 நாள் கழித்து விழவைத்தபோதும் பழைய பாடம் மறக்கவில்லை. இதை நினைவு என்று சொல்லலாமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. என் பால்கனி அனுபவத்தில், காற்றில் ஆடும் இடத்தில் வளர்ந்த செடி காற்றைப் பொருட்படுத்துவதில்லை, விரலுக்கு மூடுகிறது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடாமலே மூடிக்கொள்கிறது. நோயா?

தூக்கம். புளிய மரமும் தூங்குமூஞ்சி மரமும் அந்தி சாய்ந்ததும் இலை மடக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே குடும்ப வழக்கம். வெளிச்சம் போவதால் மட்டும் இது நடப்பதில்லை. 1729-ல் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு தொட்டாற்சிணுங்கியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே இல்லாமல், பகலில் திறந்து இரவில் மூடியது. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது.

பட்டப்பகலில் தொடாமலே தொங்கினால்தான் கவலை. மண் காய்ந்திருக்கும், அல்லது வேர் ஊறி அழுகியிருக்கும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்.

திருவள்ளுவர் சொல்லும் அனிச்சம் இதுதானா?

இல்லை. மோந்தால் குழையும் என்று அவர் சொல்வது ஒரு பூவை. இதில் சுருங்குவது இலை, பூவை மோந்தால் ஒன்றும் ஆகாது. அதைவிடப் பெரிய காரணம், தொட்டாற்சிணுங்கியின் தாய்நாடு வெப்பமண்டல அமெரிக்கா. மிளகாய் மாதிரி பிறகு வந்து நம் மண்ணில் ஒட்டிக்கொண்டது.

குழந்தையோ பூனையோ தின்றுவிட்டால்?

ஓர் இலையைக் கடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, முள்தான் குத்தும். ஆனால் இதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலையில் இருப்பதும் அதுதான். கால்நடைகள் நிறையத் தின்றால் முடி கொட்டும், உடம்பு கெடும். கஷாயம் வைத்துக் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், படித்த சித்த மருத்துவரிடம் போங்கள் என்பதுதான். என் செடி பார்ப்பதற்கு.

டொரண்டோவில் இருக்கிறோம். இங்கே வளருமா?

வளரும், ஒரு கோடைக்கு. ஏப்ரலில் வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் முளைக்கவிட்டு, பனி முழுக்கப் போனபின் வெளியே வையுங்கள், குளிர் தொடங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி பட்டால் செத்துவிடும். குளிர்ந்த அறையில் உயிரோடு இருந்தாலும் மூடுவது ரொம்ப மெதுவாகிவிடும். ஹீட்டர் காற்று நேராகப் படும் இடமும் ஆகாது, இலை உதிரும். அங்கே ஆண்டுதோறும் புதிதாக விதைப்பதே நிம்மதி.

பூச்சி, உரம்?

மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள். தெளித்ததும் இலை மூடிக்கொள்வதால் அடிப்பக்கம்தான் நன்றாக நனையும், பூச்சி இருப்பதும் அங்கேதான். உரம் அதிகம் வேண்டாம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும்.

இதே மாதிரி வேறு செடி உண்டா?

தண்ணீர்த் தொட்டி இருந்தால் நீர்ச்சுண்டி. மிதக்கும், மஞ்சள் பூ, தொட்டால் மூடும். தொழுகண்ணி தொடாமலே ஆடும் செடி. வெதுவெதுப்பான வெயிலில் அதன் இரண்டு குட்டி இலைகள் தாமாகவே மேலும் கீழும் போய்வரும். போஸ் அதையும் விடவில்லை. அதன் விதைக்கும் இதே உப்புத்தாள் வைத்தியம்தான்.

எத்தனை நாள் இருக்கும்? பூத்த பிறகு என்ன செய்வது?

விதைத்து மூன்று நான்கு மாதத்தில் பூக்கும். இரண்டு வருடம் தாண்டினால் தண்டு கட்டையாகி, முள் அதிகமாகி, அழகு போய்விடும். நுனியைக் கிள்ளிக் கவாத்து செய்தால் புதர் மாதிரி நிற்கும், விட்டால் தரையில் படரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். காய் பழுக்கும்போது வெட்டி எடுத்துவிட வேண்டும். நம் ஊரில் இது ஏற்கெனவே களை. இதன் அண்ணன் ஒருவன், மைமோசா பிக்ரா, ஆளுயர முட்புதராக வளர்ந்து ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் இலங்கையில் மகாவலிக் கரையிலும் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். காலித் தொட்டி மண்ணைப் பக்கத்துக் காலி மனையில் கொட்டாதீர்கள்.

வெட்டிய காய்களை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி அடுத்த மாசி வரை வைத்திருங்கள். சமையலறைக்கு வெளியே.